யார்க்கு யார் அடிமை?



தில்லைக் கூத்தப்பெருமானுடைய திருவாதிரைத் திருநாளில், பாரத நாட்டு நாடகங்களிற் காணும் அன்பு, விடுதலை, பத்தி என்பன பற்றிப் பேசுமாறு திருவிழாக் குழுவினர் அடியேனைப் பணித்துள்ளனர். பொருள் பெரிது, நேரமோ சிறிது. அர்த்தசாம மணி அடிப்பதற்குள் முடித்தாக வேண்டும். ஆதலின் பல நாடகங்களையும் தொட்டுத் தொட்டுச் செல்வதை விடுத்து, இரண்டினை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். ஒன்று வடமொழியிலுள்ளது, ஆயிரம் ஆண்டினும் மிக்க பழமையுடையது. மற்றொன்று நம் சோழவளநாட்டிலே 19-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. இரண்டிற்கும் நடுவே ஓர் ஓலை கிடக்கின்றது. அதனையும் இடையில் எடுத்துப் படிப்போம்.

கோயில் மண்டபத்தில் நாடகத்தைப் பற்றிப் பேசலாமோ என்று ஐயுறுவார் சிலர் இருக்கலாம். நான்முகன் வகுத்த நாடகம், திரிபுரம் எரித்த கதையாகச் சிவபெருமான் திருமுன் ஆடப்பெற்றது என்றும், அதனைக் கண்டு மகிழ்ந்த பெருமான் தமது கூத்தினைத் தண்டு முனிவர் வாயிலாக அதனோடு சேர்ப்பித்தருளினார் என்றும் பரத முனிவர் நூல் கூறும். காளிதாசர் தம் சாகுந்தலத்தை எண்பேருருவனாகிய சிவபெருமானை வாழ்த்தித் தொடங்கினார். முத்திராராட்சசம் இயற்றிய விசாகதத்தரோ சடையிலே கங்கையை மறைக்கும் பெருமானை வாழ்த்தித் தொடங்கினார். ஆகவே நாம் வேற்றிடத்துச் சரக்கினை இம்மண்டபத்திற் கொண்டுவந்து இறக்கவில்லை; வீட்டுப் பொருளையே வீட்டில் வைக்கின்றோம்.

முதலில் எடுத்துக்கொள்ளும் நாடகம் சூத்திரகர் இயற்றிய 'மிருச்சகடிகம்' என்பது. மண்ணாற் செய்த சிறு வண்டி என்பது அப்பெயரின் பொருள். இதனைத் தமிழில் 'மண்ணியல் சிறுதேர்' என்னும் பெயரால் மொழிபெயர்த்தளித்தவர் மகிபாலன்பட்டிப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் அவர்கள். திருவாசகத்திற்குக் கதிர்மணி விளக்கம் கண்ட கையே இந்நாடகத்தையும் தமிழாக்கியது. ஒரு கணிகையின் காதலைக் கூறும் நாடகத்தின்பால் அத்துணைச் சிவநேயச் செல்வருக்கு என்ன ஈடுபாடு என்று இளமையில் அடியேன் வியந்ததுண்டு. நூலைப் படித்த பின்னர் அவ்வியப்பு நீங்கிற்று.

நூலாசிரியர் சிவபெருமான் திருவருளாற் கண்ணொளி பெற்றவர் என்று நாடகத்தின் முன்னுரை கூறுகின்றது. அவர் பாடிய வாழ்த்து இரண்டு. முதல் வாழ்த்திலே பெருமான் பாம்பினால் முழந்தாள்களைப் பிணித்து, மூச்சொடுங்கி, புலனொடுங்கி, தன்னுள் தன்னைக் கண்டு யோகத்தில் அமர்ந்திருக்கின்றான். இரண்டாம் வாழ்த்திலே அவனுடைய கரிய கண்டம் மேகமாகவும், அதனைத் தழுவிய உமையம்மையின் கை மின்னற்கொடியாகவும் காட்சி தருகின்றன. யோகியாயிருந்து வீடளிப்பவனும் போகியாயிருந்து இன்பம் அளிப்பவனும் ஒருவனே என்று சிவஞான சித்தியார் பேசும் உண்மை, இங்கே ஒரு காதல் நாடகத்தின் தலைவாயிலில் இரு விளக்குகளாக ஏற்றப்பட்டிருக்கின்றது. பின்னர் ஐந்தாம் அங்கத்தில் இடியும் மின்னலும் மழையும் சூழத் தலைவி தலைவனைத் தேடிச் செல்லும்போது, அம்மின்னல் எங்கிருந்து வந்தது என்பது நமக்கு விளங்குகின்றது.

கதையைச் சுருக்கிச் சொல்லுகின்றேன். உச்சயினியில் சாருதத்தன் என்னும் அந்தண வணிகன் கொடுத்துக் கொடுத்தே வறியனானான். அவன்பால் அந்நகரத்துக் கணிகையாகிய வசந்தசேனை அன்பு வைத்தாள். பொருள் தேடுவதே குலத்தொழிலாக உடையவள் பொருளற்றவனை நாடினாள். அரசன் பாலகனுடைய மைத்துனனாகிய சகாரன் அவளை விரும்பித் துரத்துகின்றான். அவன் கல்லாதவன், ஆயினும் எல்லாம் கற்றவன்போற் பேசி, புராணக் கதைகளைத் தலைகீழாக உளறுவான். அவன் வாயைத் திறந்தால் அவையோர் சிரிப்பர். ஆனால் அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கும் மூடனைப் பார்த்துச் சிரிப்பது எத்துணை நேரம் இயலும்? எட்டாம் அங்கத்திலே அச்சிரிப்பு உறைந்துபோகின்றது.

இக்கதையில் அடியேன் உங்கள் கருத்தை ஈர்க்க விரும்புவது காதலர் இருவரையும் அன்று. அவர்களைச் சுற்றி நிற்கும் அடிமைகளை. இவ்வளவு அடிமைகளுக்கு வாயும் மனமும் கொடுத்த நாடகம் வடமொழியில் வேறொன்று உளதாக அடியேனுக்குத் தெரியவில்லை.

வசந்தசேனைக்கு மதனிகை என்றோர் அடிமைப் பெண் உண்டு. அவளைச் சருவிலகன் என்னும் அந்தண இளைஞன் காதலித்தான். அவளை மீட்க விலைப்பொருள் வேண்டும், அவனிடம் இல்லை. ஆகவே களவில் இறங்கினான். கன்னக்கோல் இடுமுன், அளவு நூல் கொண்டுவர மறந்துவிட்டதை உணர்ந்து, தன் பூணூலையே அளவு கயிறாக எடுத்துக்கொள்ளுகின்றான். அதற்கு முன் முருகப்பெருமானை வேறு வணங்கிக்கொள்ளுகின்றான்! கள்வர்களுக்கும் கந்தவேள் வழிபடு தெய்வம் என்பது அக்கால வழக்குப் போலும். அவன் கன்னமிட்ட வீடு சாருதத்தனுடையது. அவன் எடுத்த அணிகலன்கள் வசந்தசேனை அங்கே அடைக்கலமாக வைத்தவை. மதனிகையை மீட்க அவன் கொண்டுவந்த விலைப்பொருள், அவளை உடையாளுக்கே உரிய பொருளாக முடிந்தது.

மதனிகை அணிகளை அடையாளம் கண்டு நடுங்குகின்றாள். சாருதத்தன் அனுப்பியதாகச் சொல்லி இவற்றை உரியவளிடமே கொடுத்துவிடு என்கின்றாள். தன் விடுதலைக்கான விலை கைக்கு எட்டியிருக்க, அதனைத் தானே கைவிடச் சொல்லும் மனம் ஓர் அடிமைப் பெண்ணுக்கு இருந்தது. இதனை மறைவிலிருந்து கேட்ட வசந்தசேனை என்ன செய்தாள்? பொருள் ஒன்றும் பெறாமல் மதனிகையைச் சருவிலகனுக்கு மனைவியாக அளித்து, வண்டியேற்றி வழியனுப்பினாள். அழுதுகொண்டு காலில் விழுந்தவளைப் பார்த்து, இனி நான் அன்றோ உன்னை வணங்க வேண்டும் என்றாள். ஏனெனில் மதனிகை இப்பொழுது ஒருவனுக்கு இல்லக்கிழத்தி. வசந்தசேனையோ இன்னும் கணிகை. விடுதலை கொடுத்தவளுக்கு விடுதலை இல்லை. செல்வமும் மாளிகையும் யானையும் உடைய அவளும் தன் பிறப்பிற்கு அடிமையே. மூன்று முறை படித்தும் இவ்விடத்தை அடியேன் கண்ணீரின்றிக் கடந்ததில்லை.

நிற்க. தாவரகன் என்பவனைப் பார்ப்போம். அவன் சகாரனுடைய வண்டியோட்டி, அவனுக்கு அடிமை. வண்டிகள் மாறிப்போனமையால் வசந்தசேனை அறியாமல் சகாரன் தோட்டத்திலேயே வந்து இறங்கிவிடுகின்றாள். தன்னை அவள் இகழ்ந்ததனால் சினந்த சகாரன் அவளைக் கொன்றுவிடத் துணிகின்றான். ஆனால் தன் கையால் செய்ய அஞ்சுகின்றான். உடனிருந்த விடனை ஏவுகின்றான்; அவன் திசைகளும் கதிரும் மதியும் காற்றும் என் உயிரும் பார்த்துக்கொண்டிருக்கின்றனவே என்று மறுக்கின்றான். அங்ஙனமாயின் துணியால் மூடிவிட்டுக் கொல் என்கின்றான் சகாரன்! பின்பு தாவரகனை அழைக்கின்றான். பொற்கடகம் தருகின்றேன் என்கின்றான். அணிந்துகொள்வேன் என்கின்றான் அடிமை. பொன் இருக்கை தருகின்றேன், அமர்ந்துகொள்வேன். நான் உண்ட மிச்சிலைத் தருகின்றேன், உண்பேன். ஏவலாளர்க்கெல்லாம் தலைவனாக்குகின்றேன், ஆவேன். ஆயின் நான் சொல்வதைக் கேள். கேட்பேன், தகாத செயல் ஒன்று நீங்கலாக.

கொல் என்றபோது அவ்வடிமை கூறிய விடையை நினைந்து பாருங்கள். என் உடம்பிற்கு நீர் தலைவர். என் ஒழுக்கத்திற்குத் தலைவர் அல்லீர் என்றான். நீ யாருக்கு அஞ்சுகின்றாய் என்று சகாரன் கேட்கின்றான். மறுமைக்கு என்கின்றான் தாவரகன். மறுமை என்பது என்ன? நல்வினை தீவினைகளின் பயன். நல்வினைப் பயன் எத்தகையது? பொன்னணிந்து நிற்கும் உம்மைப் போன்றது. தீவினைப் பயன் எத்தகையது? பிறர் இடும் சோற்றை உண்ணும் என்னைப் போன்றது. ஆதலால் இன்னும் ஒரு தீவினையை நான் விலைக்கு வாங்கமாட்டேன்.

வினைக் கொள்கை நமக்குப் புதியதன்று. ஆனால் அதனை நாம் யாரிடம், எப்பொழுது எடுத்துச் சொல்லுகின்றோம் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். உன் வினை, நீ பொறுத்துக்கொள் என்று மெலியாரை நோக்கி வலியார் சொல்வதற்கே அது பெரும்பாலும் பயன்பட்டிருக்கின்றது. சூத்திரகரோ அதனை அடிமையின் வாயில் வைத்தார். அவன் வாயில் அது பணிந்து போவதற்கான காரணமாக அமையவில்லை. மாட்டேன் என்று நிமிர்ந்து நிற்பதற்கான காரணமாக அமைந்தது. நம்பிக்கை என்பதும் பத்தி என்பதும் யாதென்று அடியேனைக் கேட்டால், இக்காட்சியைத்தான் முதலிற் காட்டுவேன்.

சகாரன் தானே வசந்தசேனையின் கழுத்தை நெரித்துவிட்டு, கொலைப்பழியைச் சாருதத்தன்மேற் சுமத்துகின்றான். தாவரகனை விலங்கிட்டு மாளிகை மேல்மாடத்தில் அடைக்கின்றான். சாருதத்தனைக் கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லும் பறையொலி கேட்டு, அங்கிருந்து தாவரகன் கூவுகின்றான், யார்க்கும் கேட்கவில்லை. நான் இறந்தாலும் இறக்க, அவ்வறவோன் இறத்தலாகாது என்று மேலிருந்து குதித்துவிடுகின்றான். உயிர் போகவில்லை, விலங்கு உடைந்தது. வீதியில் ஓடி வந்து, கொன்றவன் சகாரனே என்று உண்மையைக் கூறுகின்றான். சகாரன் இவன் திருடியதற்காகக் கட்டிவைக்கப்பட்டவன், பொய் சொல்லுகின்றான் என்கின்றான். ஊர் எதனை நம்பிற்று? ஆண்டையின் பொய்யை நம்பிற்று. உண்மையைச் சொன்னாலும் ஒருவரும் நம்பாத நிலை அன்றோ அடிமை நிலை என்று அவன் வருந்துகின்றான். உழைப்பைப் பறித்தல் ஒருபுறம் இருக்க, ஒருவனுடைய சொல்லுக்கு மதிப்பில்லாமற் செய்துவிடுதல் அதனினும் கொடிது. அதனை அந்நாளிலேயே ஒரு நாடக ஆசிரியர் கண்டுகொண்டார்.

சாருதத்தனைக் கொண்டுசெல்லும் கொலையாளர் இருவரும் சண்டாளர் எனப்பட்டவர். நாங்கள் அக்குலத்திற் பிறந்தோமாயினும் சண்டாளர் அல்லோம். நல்லோர்க்குத் தீங்கிழைப்பவரே அப்பெயர்க்குரியவர் என்று அவர்கள் கூறுகின்றனர். இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஆதனூருக்குச் செல்லும்போது மீண்டும் வேண்டியிருக்கும்.

இறுதியில் எல்லாம் நலமாகின்றது. எவ்வாறு ஆயிற்று என்பதுதான் வியப்பு. முன்னர்ச் சூதாட்டக் கடனில் அகப்பட்ட ஒருவனை வசந்தசேனை தன் கைவளை கொடுத்து மீட்டிருந்தாள். அவன் பௌத்தத் துறவியானான். இறந்தாள் என்று சருகு மூடிக் கிடந்தவளைக் கண்டு, தன் ஈர ஆடையைப் பிழிந்து தண்ணீர் விட்டு உயிர் தெளிவித்தவன் அவனே. பெண்ணைத் தொடுதல் துறவிக்கு ஆகாது என்பதனால் ஒரு கொடியை வளைத்துக் கொடுத்து, அதனைப் பற்றி எழச் செய்கின்றான். சிவபெருமானை வாழ்த்தித் தொடங்கிய நாடகத்தில் உயிர் காக்கும் பணி ஒரு பௌத்தத் துறவிக்குக் கொடுக்கப்பட்டிருப்பதைச் சமயப் பூசல் விளைப்போர் கண் திறந்து பார்ப்பாராக. மதனிகையை மணந்த சருவிலகன், மணவண்டியிலிருந்து அப்பொழுதே இறங்கி, சிறைப்பட்ட தன் நண்பன் ஆரியகனை விடுவிக்கச் சென்றான். தளையோடு ஓடிவந்த ஆரியகனைத் தன் வண்டியிற் கண்ட சாருதத்தன் தளை நீக்கி அனுப்பினான். அவ்வாரியகனே பாலகனை வீழ்த்தி அரசனானான். அவனால் சாருதத்தன் உயிர் பிழைத்தான். கணிகை கட்டவிழ்த்த இரண்டு கயிறுகள், சுற்றி வந்து அவளுடைய கட்டையும் அவள் அன்பனுடைய கட்டையும் அவிழ்த்தன. புதிய அரசன் வசந்தசேனைக்கு இல்லக்கிழத்தி என்னும் பெயரை அளித்தான். தன்னைக் கொல்லத் துணிந்த சகாரன் காலில் விழ, சாருதத்தன் அவனைப் போகவிட்டான். தாவரகனுக்கு என்ன செய்யலாம் என்ற பேச்சு எழுந்தபொழுது, நல்லொழுக்கமுடைய இவன் இனி அடிமை அல்லன் என்று அறிவிக்கப்பட்டது. உன் உள்ளம் முன்பே விடுதலை பெற்றதாயிற்றே, உடம்பின் விலங்கு எதுவானால் என்ன என்று சூத்திரகர் வேதாந்தம் பேசி அவனை விட்டுவிடவில்லை. விலங்கையும் கழற்றினார். அதற்காகவே அடியேன் அவரைப் பெரிதும் மதிக்கின்றேன்.

இனி, நடுவில் கிடக்கும் ஓலையை எடுப்போம். அது திருவெண்ணெய்நல்லூர் ஓலை.

அதுவும் ஒரு நாடகமே. புத்தூரிலே மணப்பந்தல், மணமகனாக நம்பியாரூரர். கிழவேதியர் ஒருவர் தண்டூன்றி வந்து, இவன் எனக்கு வழியடிமை என்று வழக்கிடுகின்றார். அந்தணர் அந்தணருக்கு அடிமையாதல் எங்கேனும் உண்டோ என்று மணமகன் நகைக்கின்றார். சினந்து ஓலையைப் பறித்துக் கிழிக்கின்றார். மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கின்றது. அவையோர் அதனைப் பாட்டனார் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, வழக்கிலே தோற்றீர், சென்று பணி செய்க என்று தீர்ப்பளிக்கின்றனர். உலக வழக்கில் ஆளோலை ஒருவனைச் சிறுமைப்படுத்துவது. இங்கே அவ்வோலை ஒருவரைத் தம்பிரான் தோழராக்கிற்று. நாவுக்கரசர் பல்லவ வேந்தன் அனுப்பிய ஏவலாளருக்குப் பாடிய மறுமாற்றத் திருத்தாண்டகத்தின் உரமும் இவ்வாறு பிறந்ததே. இறைவனுக்கு ஆட்பட்டவர் வேந்தனுக்கும் நமனுக்கும் கீழ்ப்படியார். சைவர் தம்மை அடிமை என்று பெருமிதத்தோடு கூறிக்கொள்வதன் பொருள் இது.

ஆனால் அவ்வோலைக்கு மறுபுறமும் உண்டு. ஆளாகிய நம்பியாரூரர் பின்னர்த் திருவாரூரிலே திருத்தொண்டத்தொகை பாடினார். தில்லைவாழ் அந்தணர்க்கு அடியேன் என்று தொடங்கியவர், அதே மூச்சில் குயவருக்கும் ஏகாலியருக்கும் வேடருக்கும் பாணருக்கும் அடியேன் என்றார். திருநாளைப்போவார்க்கும் அடியேன் என்றார். ஆதிசைவ மரபில் தோன்றி, அரசரால் மகன்மை கொண்டு வளர்க்கப்பெற்ற ஒருவர், புலைப்பாடியிற் பிறந்த நந்தனாருக்குத் தம்மை அடிமை என்று எழுதிக் கொடுத்த ஓலை அது. இந்த ஓலையை நாம் நாள்தோறும் பாராயணம் செய்கின்றோம். அதன் பொருளை எத்தனை பேர் ஏற்றோம்?

கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இக்கேள்வியிலிருந்தே பிறந்தது என்று அடியேன் கருதுகின்றேன். மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர் அவர். பெரியபுராணத்தில் நந்தனார் வரலாறு 37 பாடல்களில் அமைந்தது. ஆதனூரிலே பிறந்து, பேரிகை முதலிய கருவிகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கோயில்தோறும் அளித்தவர். திருப்புன்கூரிலே நந்தியை விலகச் செய்து காட்சி பெற்றவர். நாளைப் போவேன் நாளைப் போவேன் என்றே நாட்களைக் கழித்தவர். சேக்கிழார் பெருமான் பாடிய வரலாற்றில் அவரைத் தடுக்கும் பண்ணையார் எவரும் இல்லை. பாரதியார்தாம் ஒரு வேதியரைப் படைத்தார். நந்தன் அவருக்குப் பண்ணையாள். சிதம்பரம் போக விடை கேட்கின்றான், வேதியர் வெகுளுகின்றார், பறையனுக்குச் சிதம்பர தரிசனமா என்று இகழுகின்றார், இறுதியில் 40 வேலி நிலத்தையும் பயிரிட்டு அறுவடை முடித்துவிட்டுப் போ என்கின்றார்.

இம்மாற்றம் புலவர் பலருக்கு உவப்பாயில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களே முதலில் சிறப்புப்பாயிரம் அளிக்கத் தயங்கினார். சேக்கிழார் வாக்கினின்றும் வேறுபட்டதும், இலக்கணப் பிழைகளும் அவர் உள்ளத்தை உறுத்தின. பாரதியார் பலமுறை வந்து காத்திருந்தார். ஒருநாள் அவர் தம் கீர்த்தனைகளைப் பாடிக்கொண்டிருக்க, அதனைக் கேட்ட பிள்ளையவர்கள் உள்ளம் உருகிப் பாயிரம் கொடுத்தார்கள். இதனை நமக்கு எழுதிவைத்தவர் டாக்டர் உ. வே. சாமிநாத ஐயரவர்கள். புராணத்தில் இல்லாததைப் பாரதியார் ஏன் சேர்த்தார்? அவர் வாழ்ந்த காவிரிக்கரையிலே அது கண்ணெதிரே இருந்தது. அடிமை வழக்கைச் சட்டம் ஏற்காது என்று ஆங்கில ஆட்சியார் 1843-இலேயே விதித்தனர். ஆனால் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நம் நாட்டில் 1976-இலேதான் வந்தது.

நாடகத்தில் விடுதலை எவ்வாறு வந்தது? ஓரிரவில் சிவகணங்கள் 40 வேலியையும் விளைவித்து அறுத்துப் போர் போட்டுவிட்டன. வேதியர் விடியலில் கண்டார், திகைத்தார், தம் பண்ணையாளின் காலில் விழுந்தார். விழுந்தபொழுது, சுந்தரர் எழுதிய ஓலையிலே அவரும் கையெழுத்திட்டார். அங்கே சண்டாளன் யார் என்று உச்சயினிக் கொலையாளர் கேட்ட கேள்விக்கும் விடை கிடைத்தது.

தில்லையில் மூண்ட தீயைப் பற்றி ஒரு சொல். நந்தனார் தீயில் மூழ்கி முனிவராக எழுந்து அம்பலத்துள் மறைந்தார் என்பது புராணம். அத்தீ அவர்தம் பிறவி மாசைப் போக்கிற்று என்று சிலர் பொருள் கூறுவர். நாளெல்லாம் இறைவனையே நினைந்த நெஞ்சில் என்ன மாசு இருந்தது? பார்க்க நின்றவர்களின் கண்ணில் இருந்த மாசை எரிப்பதற்கே அத்தீ மூட்டப்பட்டது என்பது அடியேன் துணிபு. அது முழுவதும் எரிந்ததா? மதுரைக் கோயிலிலே அரிசன மக்கள் வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தது 1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள். சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலய நுழைவுச் சட்டம் 1947-இல் வந்தது. அதற்குள் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் 1935-லும், தண்டபாணி தேசிகர் 1942-லும் நந்தனாராகத் திரைப்படத்தில் தோன்றி நாட்டையே அழவைத்துவிட்டனர். படத்திலே நந்தனுக்காக அழுதவர் பலர், கோயில் வாயிலில் நின்ற நந்தனைக் கண்டு கதவைச் சாத்தியவரே.

மற்றவரைக் குறை கூறும் தகுதி அடியேனுக்கு இல்லை. ஆதலின் என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்லி அமைகின்றேன். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். எங்கள் ஊரிலே நந்தன் சரித்திரக் கதாகாலட்சேபம் நடந்தது. பாகவதர் நல்ல சாரீரம் உடையவர். பந்தலின் முன்வரிசையில் என் தந்தையார் அமர்ந்திருந்தார். சிவபூசை செய்பவர், நேர்மையானவர். வேதியர் நந்தனை வையும் கட்டத்தில் அவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பக்கத்தில் இருந்து நான் பார்த்தேன். பந்தலுக்கு வெளியே, மூங்கில் தடுப்புக்கு அப்பால், பனியில் சிலர் தலையில் துணி போர்த்து நின்றுகொண்டிருந்தனர். எங்கள் பண்ணையில் மூன்று தலைமுறையாக உழைத்த முதியவரும் அவர்களுள் ஒருவர். கதை முடியப் பின்னிரவு ஆகிவிட்டது.

மறுநாள் அறுப்பு. முதியவர் வெயில் ஏறிய பின்னரே களத்திற்கு வந்தார். தந்தையார் கடுமையாகப் பேசினார். இராத்திரி முழுக்க எங்கே போய்க் கிடந்தாய், அரை நாள் கூலி நெல் கிடையாது, போ என்றார். முந்தின இரவு பாகவதர் வேதியர் குரலில் பேசிய அதே பேச்சு. அதே ஏற்றம், அதே இறக்கம். அவர் அதனை உணரவில்லை. எனக்கு மட்டும் உடம்பு சில்லிட்டது. முதியவர் இடுப்பிலே துண்டைக் கட்டிக்கொண்டு, தலை நிமிராமலே சொன்னார்:

"வந்திருப்பேன் ஆண்டே. நந்தன் செதம்பரம் போய்ச் சேர்ற மட்டும் இருந்துட்டுப் போவோம்னு நின்னுட்டேன்."

தந்தையார் ஒன்றும் பேசவில்லை. நெடுநேரம் வரப்பிலேயே நின்றார். ஆண்டே என்பது எங்கள் பக்கத்தில் பண்ணையாட்கள் அழைக்கும் சொல். ஆண்டை என்பதன் விளி. அச்சொல்லால் தம்மை அழைக்கலாகாது என்று அவர் அன்று மாலையே எல்லாரிடமும் கூறிவிட்டார். அம்முதியவர் மட்டும் இறுதிவரை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் அழைக்கும்போதெல்லாம் தந்தையார் முகம் குன்றுவதைப் பல்லாண்டு கண்டிருக்கின்றேன். கூலி நெல்லை அன்றே என் கையில் கொடுத்தனுப்பினார். நான் சுமந்துகொண்டு சேரிக்குள் முதன்முதலாகப் போனேன். முதியவர் திண்ணையில் அமர்ந்து, நேற்றிரவு கேட்ட கதையைத் தம் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அர்த்தசாம மணி அடிக்கின்றது. நடை திறந்திருக்கின்றது, எழுந்து செல்வோம்.